வளர்ந்த பிள்ளைகளோடு உலகம் சுற்றுவோம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"சிரம்பானுக்குப் போகவே பஸ் காசு எண்ணிப் பார்க்கிறோம், வாத்தியார் உலகம் சுற்றச் சொல்றாரே!" என்று சிலர் மனத்துக்குள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கொஞ்ச நேரம் காது கொடுங்கள்.

உலகத்தை முதன்முதலில் சுற்றியவர் யார் என்று கேட்டால், "மெகல்லன்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவர் பாதி வழியிலேயே, 1521 ஏப்ரலில் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். அவர் கூட்டிப்போன கப்பலில் என்ரிக்கே என்றொருவன் இருந்தான். நம் தம்பின் எல்லையைத் தாண்டினால் வரும் மலாக்காவைச் சேர்ந்தவன் என்று மெகல்லனின் உயிலே சொல்கிறது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அடிமையாகப் பிடிபட்டான். அப்போது ஏறக்குறைய பதினெட்டு வயது. நம் ஐந்தாம் படிவத்துப் பையன் வயதுதான். மேற்கே ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டவன், 1519-இல் ஸ்பெயினிலிருந்து மறுபடியும் மேற்கு நோக்கியே புறப்பட்டான். 1521-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அவன் மலாய் பேச, அங்கிருந்தவர்கள் புரிந்து கொண்டார்கள். உலகம் உருண்டை என்பதை ஒரு மலாக்காப் பையன் தன் நாக்காலேயே நிரூபித்தான்!

அந்தப் பயணத்தில் இன்னொரு வேடிக்கை. மிச்சமிருந்த மாலுமிகள் 1522-இல் ஊர் திரும்பும் வழியில் ஒரு தீவில் இறங்கினார்கள். கப்பல் கணக்கில் அன்று புதன், கரையில் வியாழன். நாள் தவறாமல் எழுதி வந்தவர்களுக்கு ஒரே குழப்பம். சூரியன் போகும் திசையிலேயே உலகத்தைச் சுற்றியதால் ஒரு நாள் குறைந்து போயிற்று. பரிசு வாங்கும் பிள்ளைகளே, ஏன் குறைந்தது என்று உருண்டையை வைத்து வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என்ரிக்கேயை யாரும் "வர்றியா?" என்று கேட்கவில்லை. நம் முன்னோரிலும் பலரைக் கங்காணி ஆசை காட்டித்தான் அழைத்து வந்தார். பின்னாளில் நம் தாத்தா பாட்டிமார் ரஜூலா கப்பலில் போய்வந்த கதையைச் சொல்வார்கள். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலைப் பார்த்தபடி வந்தவர்கள் அவர்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பார்த்துப் படிப்பதற்காகக் கடல் கடக்கக் கூடாதா?

"சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கூட்டிப் போகலாமே, செலவும் குறைவு" என்பீர்கள். உண்மைதான், பன்னிரண்டு வயதானால் விமானத்தில் பெரியவர்கள் கட்டணம். ஆனால் ஐந்து வயதில் பார்த்தது மறந்து போகும். பதினைந்து வயதில் பார்த்தது ஒட்டிக்கொள்ளும். நேரு 1937-இல் பர்மாவுக்கும் நம் மலாயாவுக்கும் வந்தபோது, பத்தொன்பது வயது மகள் இந்திராவையும் உடன் அழைத்து வந்தார். அதற்கு முன் சிறையில் இருந்தபோது, 1930 முதல் 1933 வரை, மகளுக்கு உலக வரலாற்றையே 196 கடிதங்களாக எழுதினார். தொடங்கியபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. கூட்டிப்போக முடியாத காலத்தில் கடிதத்தாலேயே உலகத்தைக் காட்டியிருக்கிறார்.

"அவர் வசதியானவர், நாம் யார்?" சரி, கொச்சி விஜயனைப் பாருங்கள். டீக்கடைக்காரர். அவரும் மனைவி மோகனாவும் நாளுக்கு 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைத்தார்கள். 2021-இல் விஜயன் காலமாவதற்குள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்துவிட்டார்கள். கடன் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்பது நமக்கும் புதிதல்ல. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவில் சிறுகச் சிறுகக் கட்டித் தோட்டத்தையே வாங்கிய தொழிலாளர் கூட்டம் நாம்.

இன்று ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளை, எஸ்.பி.எம். எழுத ஐந்து ஆண்டு இருக்கிறது. நாளுக்கு 3 வெள்ளி போட்டால் 5,475 வெள்ளி சேரும். உலகம் முழுக்கச் சுற்ற அது போதாது. ஆனால் கடல் தாண்ட வழி பிறக்கும். தேர்வு முடிந்து முடிவு வரும்வரை சில மாதம் கையில் இருக்கும். படிப்புக் கெடாமல் போய்வர அதுவே நல்ல காலம்.

அதற்கு முன் ஒரு வேலை, தயவுசெய்து கவனியுங்கள். பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? பன்னிரண்டு வயதில் மைகாட் எடுத்தாயிற்றா? பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்ட காகிதத்தால், கடப்பிதழ் மட்டுமல்ல, உயர்கல்வி, நல்ல வேலை எல்லாமே நின்றுபோகும். பிள்ளையை லயத்து வாசலோடு கட்டிப்போடுவது வறுமை மட்டுமல்ல, இந்தக் காகிதமும்தான். விவரம் தெரியாதவர்கள் பள்ளிக்கு வாருங்கள். பாரம் நிரப்பித் தர ஆசிரியர்கள் இருக்கிறோம்.

பயணத்தில் பிள்ளையை மூட்டை போல இழுத்துப் போகாதீர்கள். தோளுக்கு மிஞ்சினால் தோழன். ஒருவனிடம் செலவுக் கணக்கு, ஒருத்தியிடம் வழித்தடம், இன்னொருவரிடம் நாட்குறிப்பு என்று பொறுப்பைக் கொடுங்கள். எந்த ஊர் என்பதையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியே முடிவு செய்யுங்கள். கைப்பேசியை வாங்கி வைப்பதை விட, அதிலேயே ரயில் நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டே தொடங்க ஆசையா? போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் இருக்கிறது. மார்ச் மாதத்தில் தேன்பருந்துகள் சுமத்திராவிலிருந்து கடல் தாண்டி வந்து, அந்த முனை வழியாக வடக்கே போகும். விசாவும் இல்லை, டிக்கட்டும் இல்லை! பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விதான் முதல் டிக்கட்.

இன்று பரிசு வாங்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இன்றிரவே ஓர் உண்டியல் வையுங்கள்.