வாய் திறக்கட்டும் நம் பிள்ளைகள்

(சங்க அறையில் ஞாயிறு ஆங்கிலப் பேச்சு வகுப்பைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரை)

சென்ற மாதம் நம் சாலில் ஒரு பெண் "இனிக் கல்லூரிக்குப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிப்பைத் தொடங்கியவள். அப்பா தோல் பட்டறையில் வேலை, அம்மா இட்லி அவித்து விற்கிறவர். எழுத்துத் தேர்வில் அவளுக்கு மதிப்பெண் குறைந்ததே இல்லை. செமினாரில் எழுந்து நின்றாள். பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். விடை தெரியும், வாய் வரவில்லை. பின்வரிசையில் சிரித்தார்கள். புரியாமல் மனப்பாடம் செய்கிறவள் என்று பேராசிரியர் முடிவுகட்டிவிட்டார்.

தெரியாதவளைத் தெரியாதவள் என்றால் பொறுக்கலாம். தெரிந்தவளைத் தெரியாதவள் என்பது என்ன நியாயம்? ஆனால் நியாயம் கேட்கப் போனாலும் அங்கே ஆங்கிலத்தில்தானே கேட்கவேண்டும்!

நாம் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறோம், எல்லாம் ஆங்கிலத்தில். அதிகாரி நேரில் கூப்பிட்டு "என்ன விஷயம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், நாம் எழுதிய கோப்பையே நம்மால் விளக்க முடிவதில்லை. "ஃபைலில் எழுதியிருக்கிறேன் சார்" என்று தப்பித்து வந்திருக்கிறோம். ஆகையால் அந்தப் பெண்ணின் தொண்டை ஏன் அடைத்தது என்பதை யாரும் நமக்குப் பாடம் நடத்தவேண்டியதில்லை.

தமிழ்ச் சங்கத்தில் ஆங்கில வகுப்பா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணா, 1962 முதல் மாநிலங்களவையில் தமிழரின் வழக்கை ஆங்கிலத்தில்தான் வாதாடினார். அதனால் அவர் தமிழ் குறைந்ததா? நம் ஊரான இந்த பம்பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். பரேலில் ஒரு சாலின் ஒற்றை அறையில் படித்த அம்பேத்கர், 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்று, 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916 மே 9ஆம் நாள் அங்கே மானிடவியல் செமினாரில் எழுந்து நின்று இந்தியாவில் சாதி எப்படி உண்டானது என்று கட்டுரை படித்தார். அப்போது வயது இருபத்தைந்து. அது பிறகு அச்சேறி, இன்றும் படிக்கப்படுகிறது. தொடங்கியது செமினாரில்தான் தோழர்களே, நம் பெண் அழுதுகொண்டு வெளியேறிய அதே மாதிரி ஒரு செமினாரில்!

சரி, எப்படிப் பழகுவது? நம் சங்கத்து ஆசிரியை ஒருவர் சொன்னதையும், பின்வரிசையில் உட்கார்ந்து நாம் பார்த்ததையும் சொல்கிறோம்.

கடையில் பேசும் ஆங்கிலம் வேறு, கல்லூரியில் பேசும் ஆங்கிலம் வேறு. கல்லூரியில் ஒன்றைச் சொன்னால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள். நம் மேடைப் பேச்சுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். நாம் அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் விஷயத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். செமினாரில் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வந்ததைச் சொல்லிவிடவேண்டும். பிறகு காரணம், பிறகு கணக்கு, எந்த இடத்தில் உறுதியில்லையோ அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மறுக்கும்போது "நீங்கள் சொல்வது தப்பு" என்று பாயக்கூடாது. "இந்த ஓரிடத்தில் மாறுபடுகிறேன், காரணம் இது" என்று சொல்லிப் பழகவேண்டும். நம் கமிட்டிக் கூட்டத்துக்கும் இது உதவும், அது வேறு கதை.

மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் கோட்டையே சரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான். பேச்சு முழுவதும் நெட்டுருப் போட்டிருந்தாள், கேள்வியோ நெட்டுருவில் இல்லை. துண்டுச் சீட்டில் நான்கு வரி போதும். முதலில் தமிழில் அம்மாவிடம் விளக்கட்டும். அம்மாவுக்குப் புரிந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது என்று பொருள். பிறகு அதையே ஆங்கிலத்தில் நான்கு நிமிடம் ஒருவரிடம், மூன்று நிமிடம் இன்னொருவரிடம், இரண்டு நிமிடம் மூன்றாமவரிடம் சொல்லவேண்டும். மொழி ஆசிரியர்கள் பயன்படுத்தும் முறை இது. நாமும் கடிகாரம் பிடித்துப் பார்த்தோம். மூன்றாம் முறை திக்கல் பாதியாகிவிட்டது.

உச்சரிப்பைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்கள். வெள்ளைக்காரன் மாதிரிப் பேசவேண்டாம், கேட்பவருக்குப் புரிந்தால் போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசையில்தான் அழுத்தம் விழும். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். நாம் தமிழ் வழக்கப்படி எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்லிவிடுகிறோம், எதிரில் இருப்பவர் விழிக்கிறார். தன் பாடத்தில் அடிக்கடி வரும் இருபது சொற்களுக்கு அகராதியில் அழுத்தக் குறி பார்த்து வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. கையில்தான் போன் இருக்கிறதே! அதில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்து நிமிடம் கேட்டு, நிறுத்தி, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லலாம்.

இப்போது தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை குழாயடிக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அந்த இரண்டு மணி நேரம் ஆண்கள் குடம் தூக்கட்டும். நாமும் தூக்குகிறோம், சிரிக்காதீர்கள். பையன்கள் வகுப்புக்குத் தாமாக வந்துவிடுகிறார்கள். பெண்கள் வராததற்குக் காரணம் தண்ணீர்தான் என்று வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொண்டோம்.

அந்தப் பெண்ணிடம் மூன்று முறை போய்ப் பேசினோம். வருகிற ஞாயிறு அவள்தான் முதலில் பேசுகிறாள், அன்று தடைப்பட்ட அதே தலைப்பில். பெற்றோரும் வந்து உட்காருங்கள். பேசி முடித்ததும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்கவேண்டும், தமிழில் கேட்டாலும் சரி. அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். யாரும் சிரிக்கக்கூடாது என்பது மட்டும்தான் வகுப்பின் சட்டம். பாய் பத்து இருக்கிறது, இன்னும் ஐந்து தேவை. வீட்டில் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள்.