பொத்தானுக்குப் பணி வகுத்தல்

திருவனந்தபுரத்தில், கரமனைப் பகுதியில் உள்ள பழைய ஓட்டு வீடொன்றில் என் பெரியம்மா தனியே வசித்து வருகிறார். வயது 82. அவருடைய ஒரே மகன் மஸ்கட்டில் பணி புரிகிறார். மாலையில் செய்தி கேட்பதும், இரவில் சிறிது நேரம் கச்சேரி காண்பதும் பெரியம்மாவின் வழக்கம். சென்ற ஆண்டு நான் அங்கே சென்றபோது தொலைக்காட்சிப் பெட்டியைத் துணியால் போர்த்தி வைத்திருந்தார். "அது கெட்டுப்போய் ஒன்பது நாளாச்சு. அவன்கிட்டே சொல்லிடாதே, அங்கே இருந்துண்டு அவன் என்ன பண்ணுவான், வீண் கவலை" என்றார்.

பெட்டி கெடவில்லை. படம் எந்த இணைப்பின் வழியாக வரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பொத்தானில் அவர் விரல் தவறிப் பட்டிருந்தது. ஒன்றும் இணைக்கப்படாத துளையை நோக்கிப் பெட்டி வெறுமனே காத்திருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியதும் படம் வந்துவிட்டது. ஆனால் ஒன்பது மாலைகள் அவருக்கு வீணாயின. நாம் ரிமோட் என்று வழங்கும் தொலையியக்கியின் பொத்தான்களை அவரவர் தேவைக்கேற்ப வகுத்துக்கொள்வது எவ்வாறு என்று இன்று நான் பேச வந்ததற்கு அதுவே காரணம்.

அவர் மேசையின் மீது தொலைக்காட்சிக்கு ஒன்று, செட்டாப் பெட்டிக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று என மூன்று ரிமோட்டுகள் கிடந்தன. மூன்றிலும் சேர்த்து நூற்றுக்குக் குறையாத பொத்தான்கள். அவற்றுள் அவருக்கு வேண்டியவை பத்துக்கும் குறைவு. மற்றவை யாவும் விரல் தவறுவதற்கென்றே அமைந்தவை போல் இருந்தன.

விசைகளுக்கு மனிதன் இணங்குவதா, மனிதனுக்கு விசைகள் இணங்குவதா என்னும் வினா இந்நகருக்குப் புதிதன்று. மலையாளத்தின் கூட்டெழுத்துகள் தட்டச்சுப் பொறியின் சில விசைகளுக்குள் அடங்கவில்லை. ஆகவே கேரள அரசு எழுத்துச் சீர்திருத்தம் ஒன்றை வகுத்து, 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூட்டெழுத்துகள் பல பிரித்து எழுதப்பட்டன. பின்னர்க் கணிப்பொறி வந்து, ஒரு விசைக்கு ஒரே வடிவம் என்ற கட்டு நீங்கியபோது, பழைய வடிவங்களை மீண்டும் அச்சிட வழி பிறந்தது. முன்னது பொறிக்கு மனிதன் இணங்கிய கதை. பின்னது மனிதனுக்குப் பொறி இணங்கிய கதை. ரிமோட்டிலும் இந்தப் பின்னதையே நாம் நாடவேண்டும்.

அது எங்ஙனம் இயலும்? ரிமோட்டின் முகப்பில் உள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. அவ்வொளி பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை அளவில் துடிக்கிறது. துடிப்பும் இடைவெளியும் மாறி மாறி வந்து ஓர் எண்ணாக அமைகின்றன. பரவலாக வழங்கும் ஒரு முறையில் அந்த எண்ணுக்கு 32 இலக்கங்கள்; முற்பாதி எந்தக் கருவி என்பதையும், பிற்பாதி என்ன கட்டளை என்பதையும் சொல்லும். ஆகவே "ஒலியைக் கூட்டு" என்பதன் பொருள் பொத்தானுக்குத் தெரியாது. அது தனக்கு ஒப்படைத்த எண்ணை அனுப்புகிறது; பொருளை அறிவது தொலைக்காட்சிப் பெட்டி. பொத்தானின் மீது அச்சிட்ட பெயருக்கும் அது செய்யும் பணிக்கும் பிரிக்கவொண்ணாத உறவு ஏதும் இல்லை.

இதனை உணர்ந்தே, ஒரு ரிமோட்டின் ஒளித்துடிப்பைக் கண்டு மனத்திற் கொண்டு, அதனைத் தானே திரும்பச் சொல்லும் ரிமோட்டுகளை அமைத்தனர். ஆப்பிள் கணிப்பொறியை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் 1987ஆம் ஆண்டில் அத்தகைய கருவியொன்றை வெளியிட்டார். இன்று நம் இல்லங்களில் உள்ள செட்டாப் பெட்டி ரிமோட்டுகள் பலவற்றிலும், தொலைக்காட்சிக்கென்று இவ்வாறு கற்கும் பொத்தான்கள் நான்கைந்து உண்டு.

கற்பிக்கும் முறை மாதிரிக்கு மாதிரி சிறிது வேறுபடும். பொது வழி இது. கற்கும் ரிமோட்டில் அதற்கென உள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும். பணி பெறவேண்டிய பொத்தானை ஒரு முறை அழுத்துக. பின்னர் இரு ரிமோட்டுகளின் முகப்புகளையும் எதிரெதிரே, மூன்று நான்கு விரற்கடை தொலைவில் வைத்து, பழைய ரிமோட்டின் பொத்தானை அழுத்துக. விளக்கு சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது என்று கொள்ளலாம். கடும் வெயில் படும் இடத்தையும், வலுவிழந்த பாட்டரியையும் தவிர்க்க வேண்டும். அகச்சிவப்பு ஒளியின்றி வானொலி அலையால் இயங்கும் ரிமோட்டுகளை இம்முறையில் கற்பிக்க இயலாது. ரிமோட்டைக் கைப்பேசியின் காமிராவுக்கு நேரே பிடித்து அழுத்தும்போது திரையில் ஒளிப்புள்ளி தெரிந்தால், அது அகச்சிவப்பு வகையென்று அறியலாம்.

இத்துணையும் கற்றுக்கொண்டு, பல பொத்தான்களுள்ள கற்கும் ரிமோட் ஒன்றை வாங்கிச் சென்ற நான் முதலில் ஒரு பிழை செய்தேன். ஒரே பொத்தானால் தொலைக்காட்சியும் செட்டாப் பெட்டியும் எழுந்து, செய்தி அலைவரிசை தோன்றுமாறு தொடர்கட்டளை அமைத்தேன். மறுவாரமே பெரியம்மா அஞ்சி அழைத்தார். பெரும்பாலான பெட்டிகளில் எழுப்புவதற்கும் அணைப்பதற்கும் ஒரே கட்டளைதான். ஒன்று முன்னரே எழுந்திருந்தால், எழுப்ப வந்த கட்டளை அதனை அணைத்துவிடும்; மற்றொன்று எழும். அவர் மீண்டும் அழுத்த, குழப்பம் மறுதலையாயிற்று. என் வசதியைக் கருதினேனே ஒழிய, அவர் கையைக் கருதவில்லை.

பின்னர் அவரருகே அமர்ந்து, "உங்களுக்கு என்னென்ன வேணும், பெரியம்மா?" என்று கேட்டேன். தொலைக்காட்சிக்கு ஒன்று, செட்டாப் பெட்டிக்கு ஒன்று என எழுப்பும் பொத்தான்கள் இரண்டு, ஒலிக்கு இரண்டு, அலைவரிசை மாற்ற இரண்டு என்றார். சற்று எண்ணிப் பார்த்து, "சத்தத்தை ஒரேயடியா நிறுத்த ஒண்ணு வேணும், மஸ்கட்லேருந்து ஃபோன் வந்தா அவன் குரல் காதிலே விழறதில்லை" என்றார். இதனை நானாக எண்ணியிருக்க மாட்டேன். அந்த ஏழு பொத்தான்களுக்கே பணி வகுத்தேன். ஒலி நிறுத்தும் பொத்தானின் மீது மட்டும், விரலுக்குத் தட்டுப்படும்படி சிறு துணிப்பட்டை ஒட்டினேன். ஏனையவற்றை அட்டையால் மறைத்தேன். பழைய ரிமோட்டுகளை எறிந்துவிடவில்லை. பாடம் அழிந்துபோனால் மறுபடி கற்பிக்க அவையே வேண்டும். எந்தப் பொத்தானுக்கு எந்தப் பணி என்பதைத் தாளில் எழுதி, பெட்டியின் பின்புறம் ஒட்டி வைத்தேன்.

அன்பர்களே, வெளியூர்களில் பிள்ளைகள் வாழ, முதியோர் தனித்திருக்கும் இல்லங்கள் இந்நகரில் பல. அங்கே செல்லும்போது பழமும் பலகாரமும் கொண்டு செல்கிறோம். அத்துடன் அரை மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் மேசையின் மீதுள்ள பொத்தான்களைப் பாருங்கள். வகுக்கத் தொடங்குமுன், எவற்றை அழுத்துகிறார்கள், எவற்றுக்கு அஞ்சுகிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள். பெரியம்மாவின் பெட்டியின் மீது இப்போது துணி இல்லை. மஸ்கட்டிலிருந்து அழைப்பு வரும்போது அவர் விரல் துணிப்பட்டையைத் தானே தேடிச் செல்கிறது.