வீட்டுக் கடதாசிகள்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசியது)

நான் பேச்சாளன் அல்ல. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து நிற்கிறேன். ஏ.எல். வரைதான் படிப்பு. அதைக் காட்டவும் கையில் ஒரு துண்டு இல்லை.

வருசத்துக்கு வீடு கழுவுறம், துடைக்கிறம். அலுமாரிக்கு மேலே கிடக்கிற கடதாசிப் பையை மட்டும் ஒருவரும் தொடுவதில்லை.

2009இல் வன்னியில் பங்கருக்குப் பங்கர் ஓடியபோது காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் அம்மா ஒரு சொப்பிங் பையில் அணைத்து வைத்திருந்தா. மாத்தளனில் தண்ணிக்குள்ளால் வரேக்க அது போய்விட்டது. உறுதியின் பிரதி பிறகு காணிப் பதிவகத்தில் கிடைத்தது. என் பெறுபேற்றுக்குச் சுட்டெண் வேணும். எனக்கு மறந்துபோச்சு.

இங்கே சுவிசில் குண்டு விழவில்லை, கவலையீனம்தான். பதிவுத் தபாலை 7 நாட்களுக்குள் எடுக்கவேணும். போன வருசம் அந்தத் துண்டு விளம்பரத் தாள்களுக்குள் கிடந்தது. வதிவிட அனுமதி விசயம். நான் கண்டது ஒன்பதாம் நாள். ஓடித்திரிந்த பாடு எனக்குத்தான் தெரியும்.

இம்முறை எல்லாவற்றையும் மேசையில் கொட்டினோம். ஊர்க் கடதாசிக்கு ஒரு பைல், இங்கத்தையதுக்கு ஒன்று. மகளுக்குப் பதினொரு வயது, அவள்தான் டொச்சில் பெயர் எழுதி ஒட்டினாள். உறுதிப் பிரதியைத் தூக்கி, "அப்பா, இதென்ன?" என்றாள். எங்கட வளவு எண்டன். நாலு எல்லையையும் வாசித்துக் காட்டினேன்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே பெரியப்பாவின் காணி... கேள்விக்கு மேல் கேள்வி. மிச்சக் கடதாசி இன்னும் மேசையிலதான் கிடக்கு.