கைவழிக் கல்வியும் இளைஞர் நெஞ்சுறுதியும்



குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் ஐம்பதாம் எண் கூட்டரசுச் சாலையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தக் காஹாங் சிற்றூரில், ஒரு முக்கியமான விஷயத்தை ஆலோசிக்க நாம் கூடியிருக்கிறோம். இடைநிலைப் பள்ளியை இடையில் விட்டோ, முடித்தும் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் தேறாமலோ வீட்டில் அமர்ந்துவிட்ட பிள்ளை, உறவினர் வருகின்ற நாளில் பின்வாசல் வழியாக வெளியேறிவிடுகிறான். "தம்பி என்ன செய்கிறான்?" என்று வந்தவர்கள் கேட்டால், தாய் பேச்சை மாற்றுகிறாள். அந்தப் பிள்ளை இழந்தது ஒரு சான்றிதழை மட்டுமென்று நாம் எண்ணியிருக்கிறோம்; தன்னால் ஒரு காரியம் ஆகும் என்ற நம்பிக்கையையே அவன் இழந்துவிட்டான் என்பதை நாம் கவனிப்பதில்லை. அந்த நம்பிக்கையை உபதேசத்தால் மீட்க முடியாது. "நீ கெட்டிக்காரன், உன்னால் முடியும்" என்று நூறு முறை சொன்னாலும், கண்முன் ஒரு சாட்சியும் இல்லாதபோது அவன் நெஞ்சம் அதை ஏற்பதில்லை. சாட்சியை அவன் கைகளே உண்டாக்க வேண்டும்.

மின்கம்பி இணைப்பைப் பயிலும் ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். பலகையில் குழாய் பதித்து, கம்பி இழுத்து, விநியோகப் பெட்டியில் இணைப்புக் கொடுத்து, நில இணைப்புச் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துச் சோதித்து, இறுதியில் விசையைத் தட்டுகிறான். விளக்கு எரிந்தால் அவன் செய்தது சரி. எரியாவிட்டால் பிழை எங்கே என்று அவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே ஆசிரியரின் தயவும் இல்லை, கோபமும் இல்லை. முந்தைய தேர்வில் எத்தனை மதிப்பெண் பெற்றாய் என்று மின்சாரம் கேட்பதில்லை. தவறுவதை வெட்கமாக எண்ணிப் பழகிய பிள்ளைக்கு, தவறு என்பது திருத்தக்கூடிய ஒரு சங்கதி என்று முதன்முதலாகப் புரிவது அந்தப் பலகையின் முன்னால்தான். அந்தப் புரிதலை நான் மகத்தான கல்வி என்பேன்.

இது புதிய தத்துவம் அன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய மாநாடு, ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்தே மற்றப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்று, அதற்குப் பாடத்திட்டம் வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைத்தது. ஆயினும் நம் இளைஞர்களின் உள்ளத்தை அதிகம் தொடுவது கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவின் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம். 1893-இல் கலங்கல் என்னும் கிராமத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாமல் விலகிய அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி, மறுபடியும் பூட்டினார். அந்த அனுபவமே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொடங்கியவர், 1945-இல் கோவையில் பொறியியற் கல்வி நிலையம் தோன்றக் காரணமானார். நான்காண்டுப் பாடத்தை அதைவிட விரைவாகக் கற்பிக்க இயலும் என்று வாதாடி, அரசு இணங்காதபோது விலகியும் போனார். நம் ஊர்ப் பிள்ளை மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்திருக்கும்போது, "படிப்பில்லாதவன் செய்கிற வேலை" என்று வசைபாடும் பெற்றோர், இந்தச் சரித்திரத்தைச் சற்றே சிந்திக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இதைப் பேசும்போது ஓர் எச்சரிக்கையையும் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலத்தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிவைக்கும் ஏற்பாடு என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். 1954-இல் முதலமைச்சரான காமராஜர் அதைக் கைவிட்டார். நம் மலேசியாவிலும் இதற்கு நிகரான வரலாறு உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் பல இடங்களில் பாடம் சொன்னவர் கங்காணியோ கிராணியோ ஆக இருந்தார். ஆரம்பப் படிப்போடு நின்ற பிள்ளை பால்வாளியைத் தூக்கிக்கொண்டு தகப்பனின் ரப்பர் மர நிரைக்கே போனான். கைவேலை அவனுக்கு நிறையவே கிடைத்தது. அதிலிருந்து மேலே ஏற வழி கிடைக்கவில்லை. ஆகையால், தொழிற்கல்வி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: தொழிலைத் தேர்ந்தவன் அந்தப் பிள்ளைதானா? கற்ற பின் அவன் மேலே செல்லக் கதவு திறந்திருக்கிறதா?

இன்று அக்கதவு திறந்திருக்கிறது என்பதே நான் சொல்ல வந்த நற்செய்தி. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் மலேசியத் திறன் சான்றிதழுக்குச் சட்டபூர்வமான அந்தஸ்தை அளித்திருக்கிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ். நான்காம் நிலை டிப்ளோமா. ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. இதே சாலையில் மேற்கே சென்றால் குளுவாங்கில் தொழிற்கல்லூரி இருக்கிறது; இன்னும் அப்பால் பாரிட் ராஜாவில் தொழில்நுட்பக் கல்வியையே பிரதானமாகக் கொண்ட துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிலாங்கூர்க் களும்பாங்கில், வழக்கறிஞர் பசுபதி முன்னின்று 2011-இல் தோற்றுவித்த மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியை விட்டு விலகிய நம் பிள்ளைகளையே தேடிச் சேர்த்துக்கொண்டு தொழில் கற்பிக்கிறது. பிறர் கைவிட்ட பிள்ளை என்று ஒதுக்காமல், அவனுக்காகவே ஒரு வளாகம் எழுப்பிய அவர்களுடைய சிரத்தையை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன்.

கைப்பட அறிந்த தொழில் நெஞ்சுறுதி தரும் என்பதற்கு ஓர் உதாரணம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கரடுமுரடான பாதையில் உள்ளே சென்றால் கம்போங் பேத்தா. எண்டாவ்–ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல்களில் ஒன்று அது. ஜகூன் பூர்வகுடி மக்கள் அங்கே வழிகாட்டிகளாக நிற்கிறார்கள். பட்டம் பெற்றவர்களும் ஆய்வாளர்களும் ஆற்றைக் கடக்கும்போது அவர்கள் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். தன் அறிவைப் பிறர் நம்பி நடக்கும்போது மனிதனுக்கு உண்டாகும் நிமிர்வு, மேடையில் நின்று நாம் வழங்கும் பாராட்டால் உண்டாவதில்லை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தொழிற்பயிற்சி என்றதும் மகனுக்கு வயரிங், மகளுக்குத் தையலும் கேக்கும் என்று நாமே பங்கிட்டுவிடுகிறோம். அவள் குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்க்க விரும்பினால் விடுங்கள். அவன் ரொட்டி சுட விரும்பினாலும் தடுக்காதீர்கள்.

இனி, இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் பட்டறை உரிமையாளர்களிடமும் அனுபவசாலிகளிடமும் என் விண்ணப்பம். இருபது ஆண்டுகள் இயந்திரத்தோடு வாழ்ந்தும் கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்கள் நம்மிடையே பலர். செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டினால், வகுப்பில் அமராமலேயே மதிப்பீட்டின் மூலம் திறன் சான்றிதழ் பெற அரசு பி.பி.டி. என்ற வழியை வைத்திருக்கிறது. முதலில் நீங்கள் அதைப் பெறுங்கள். வேலைகளைப் புகைப்படம் எடுத்து, ரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள். பின்பு ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பட்டறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேநீர் வாங்கி வரவும் தரை கூட்டவும் மட்டும் அவனை வைத்துக்கொள்ளாமல், முதல் மாதத்திலேயே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சிறு வேலையை அவனிடம் ஒப்படைத்து, வாடிக்கையாளரிடம் அவனையே பேச விடுங்கள். கூலியையும் கணக்காகக் கையில் கொடுங்கள்.

பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகளில் பலர் முதல் சில மாதங்களிலேயே நின்றுவிடுவது புத்திக் குறைவால் அன்று. குளுவாங் வரை தினமும் போய்வரும் பேருந்துச் செலவும், பாதுகாப்புக் காலணிக்கும் கருவிப் பெட்டிக்கும் ஆகும் தொகையும் வீட்டில் இல்லாமையால்தான். அச்செலவை ஒரு பிள்ளைக்கேனும் ஏற்கக்கூடியவர்கள், இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் தங்கள் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன்.