மீனெண்ணெயும் வெயிற்சத்தும்

மட்டக்களப்புக்கு வடக்கே, பாசிக்குடாக் கரையில் வெயிலுக்கும் சூடை மீனுக்கும் குறைவில்லை. அவ்விரண்டின் சத்தையும் குளிசையாக்கி விற்கின்றனர். மீனெண்ணெயும், வெயிலால் உடலில் ஊறும் விற்றமின் 'டி'யும் மாரடைப்பையும் புற்றுநோயையும் தடுக்குமா?

அமெரிக்காவில் 50 வயதை எட்டியோரும் கடந்தோருமாய் 25,871 பேர், ஐந்தாண்டுக்கு மேலாக இக்குளிசைகளையோ சத்தற்ற போலிக் குளிசைகளையோ உண்டனர். 2018இல் முடிவு வெளியாயிற்று. இரண்டுமே புற்றுநோய் வருவதைக் குறைக்கவில்லை. இருதய நோய்களை ஒருங்கே எண்ணியபோதும் பயன் புலப்படவில்லை. ஆயினும், மாரடைப்பைத் தனியே பிரித்துப் பார்க்கையில் மீனெண்ணெய் உண்டோரிடம் அது குறைந்திருந்தது. அதுவும் மீனை அருகியே உண்பவரிடந்தான் மிகுதி. துணைக் கணக்கில் கிடைத்த இச்செய்தி முடிந்த முடிபன்று. விற்றமின் 'டி'க்கோ அவ்வளவு சான்றுமில்லை. குழந்தைகளின் எலும்பு வளையும் நோய்க்கு அது மருந்தென்பது வேறு, ஐயமற நிறுவப்பட்டது.

பிடித்த சூடையை விற்று மீனெண்ணெய்க் குளிசை வாங்கும் வீட்டுக்கு, மருத்துவர் பணித்தாலன்றி, இவ்வாய்வில் ஆதாரமில்லை.