யந்திரம் செத்துவிடவில்லை

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். 2011-ம் வருஷம் தொடங்கி தமிழ்நாடு சர்க்கார் மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுத்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் வாங்கினார்கள். நம்மில் பலருடைய வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதை இப்போது பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். ஏன், உடைந்துவிட்டதா? இல்லை. திரை எரிகிறது, எழுத்துப் பலகை வேலை செய்கிறது. “கம்பெனி ஆதரவை நிறுத்திவிட்டது, இனி உதவாது” என்று கடைக்காரர் சொன்னாராம்.

ஆதரவு என்றால் என்ன? கம்ப்யூட்டரை நடத்துவது விண்டோஸ் போன்ற ஒரு கட்டளைத் தொகுதி. எவ்வளவு கவனமாக எழுதினாலும் அதில் ஓட்டைகள் இருக்கும், கண்மாய்க் கரையில் நண்டு வளை இருப்பதைப்போல. திருடர்கள் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறார்கள். கண்டுபிடித்த ஓட்டைகளைக் கம்பெனி அடைத்து அனுப்புவதற்குப் பெயர்தான் ஆதரவு. மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 7-க்கு அதை 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. அன்று யந்திரம் நிற்கவில்லை. கரையைப் பார்க்கும் ஆள்தான் வேலையை விட்டுப் போனான்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்பார்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். கம்பெனியின் பட்டியலில் உள்ள பிராசசர் வேண்டும். சுமார் 2018-க்கு முந்திய யந்திரங்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலில் கிடையாது. வேகமாக ஓடும் நல்ல யந்திரங்களும் இதில் அடிபட்டுப் போகின்றன. புதிது வாங்கு என்பதுதான் இதன் பொருள். யாருடைய கூலியில் வாங்குவது?

ஆலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒன்று தெரியும். ரிங் பிரேம் செய்த கம்பெனி மூடிப் போனாலும் பிரேம் நிற்பதில்லை. தேய்ந்த பாகத்தைப் பிட்டர் கழற்றிப் பார்க்கிறார். லேத்தில் கடைந்து புதிது போடுகிறார். கலப்பையின் கொழு தேய்ந்தால் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்குகிறோம். கண்ணால் பார்க்க முடிவதால் கையால் செய்ய முடிகிறது. விண்டோஸில் அந்த வழி இல்லை. அதன் மூல வரைபடம் கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. கம்பெனி கையை விட்டால் எவ்வளவு கெட்டிக்காரப் பிட்டரும் உள்ளே கை வைக்க முடியாது. கோளாறு இங்கேதான், யந்திரத்தில் அல்ல.

பூட்டாத வரைபடமும் உண்டு. 1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி, பல நாட்டவரும் கூடி வளர்த்த லினக்ஸ் அது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், காசின்றிப் போட்டுக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் வாங்கிய லாப்டாப் பலவற்றில் விண்டோஸோடு கூட ‘பாஸ்’ என்ற லினக்ஸும் வந்தது. சி-டாக் என்ற சர்க்கார் ஸ்தாபனம் செய்தது அது. சொல்லித்தர ஆளில்லாததால் நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்!

இப்போது செய்ய வேண்டியது இது. முதலில் பிள்ளையின் சான்றிதழ்களையும் போட்டோக்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். புதிதாகப் போடும்போது பழையது அழிந்துவிடலாம். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மிண்ட் எக்ஸ்.எப்.சி.இ. என்ற வகையை ஏற்றிக்கொள்ளலாம். 2 ஜி.பி. நினைவகத்திலும் அது ஓடும். 4 இருந்தால் சிரமமில்லை. டிஸ்கில் எதையும் மாற்றாமல் பென் டிரைவிலிருந்தே நடத்திப் பார்க்கும் வசதி உண்டு. வைபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிரந்தரமாகப் போடுங்கள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் ஆமை வேகம் போய்விடும். தமிழில் தட்டச்சு செய்யலாம். விண்டோஸுக்கென்றே எழுதிய சில கணக்கு மென்பொருள்கள் மட்டும் இதில் நேராக ஓடாது. அந்த வேலை உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

செல்போன் சங்கதி இன்னும் கடினமானது. பல போன்களில் வேறு தொகுதியைப் போட முடியாதபடி கம்பெனிகள் பூட்டியே விற்கின்றன. செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி இருக்கும். அது பல வருஷம் பழையதென்றால் அந்தப் போனில் பாங்குப் பணத்தைத் தொடாதீர்கள். பாட்டு கேட்கவும் படம் எடுக்கவும் அது போதும்.

இதெல்லாம் நம் தலையெழுத்து என்று இருந்துவிட வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கு ஒரு வருஷத் தவணை தர மைக்ரோசாப்ட் முதலில் 30 டாலர் கேட்டது. இல்லையானால் சில நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்றது. ஐரோப்பாவின் நுகர்வோர் சங்கங்கள் எதிர்த்து எழுதின. 2025 செப்டம்பரில் அங்கே மட்டும் கட்டணத்தை விட்டது. போன் விற்பவர் எத்தனை காலம் புதுப்பிப்பு தருவார் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டுமென்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 வருஷம் புதுப்பிப்பு கிடைக்கச் செய்ய வேண்டும். சர்க்கார் பணத்தில் லட்சக்கணக்கில் லாப்டாப் வாங்கும்போது, இத்தனை வருஷம் ஆதரவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கு என்று நாம் ஏன் கேட்கக் கூடாது? மனுவில் முதல் வரியாக இதை வைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய லாப்டாப் உள்ளவர்கள் இங்கே எடுத்து வாருங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நம் பிள்ளைகள் நாலைந்து பேர் இருப்பார்கள். பாட்டரி போயிருந்தால் கவலை வேண்டாம், சார்ஜரில் போட்டு நடத்தலாம். சார்ஜரை மட்டும் மறக்காதீர்கள்.