‘ரைட்’ என்னும் ஒரு சொல்



வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் மேடையில், இளைஞர்களுக்குப் பயன்படுமாறு ஆங்கிலம் பற்றிச் சில சொல்ல வேண்டுமெனப் பணித்துள்ளார்கள். ஒரு மொழியை ஒரு மாலைப் பொழுதில் பேசி முடிக்க இயலாது. ஆகவே, ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் படியாதவரும் நாள்தோறும் கேட்கும் சொல் அது. பேருந்து நடத்துநர் விசில் ஊதி, ‘போகலாம், ரைட்’ என்கிறாரே, அந்த ‘ரைட்’தான்.

நடத்துநர் வாயில் அதற்கு ‘வண்டியை எடுக்கலாம்’ என்பது பொருள். கணக்காசிரியர் விடைக்கு எதிரே ‘ரைட்’ போட்டால் ‘சரி’ என்பது பொருள். சாலையில் வழி சொல்லும்போது ‘வலப்பக்கம்’. வடிவியலில் ‘ரைட் ஆங்கிள்’ என்றால் 90 பாகை கொண்ட செங்கோணம். ‘ரைட் நவ்’ என்றால் ‘இப்பொழுதே’. வினைச்சொல்லாக வரும்போது, இழைக்கப்பட்ட தவற்றைச் சீர்செய்தல் என்று பொருள்படும். அரசியலில் ‘வலதுசாரி’. 1789-இல் பிரெஞ்சு தேசிய மன்றத்தில் மன்னரை ஆதரித்தோர் அவைத்தலைவரின் வலப்பக்கம் அமர்ந்ததால் பிறந்த பொருள் இது. சட்ட நூலிலோ இதே சொல் ‘உரிமை’ ஆகிறது.

ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எங்ஙனம் வந்தது? பழைய ஆங்கிலத்தில் இதன் முதற்பொருள் ‘நேரானது’ என்பதே. லத்தீன் மொழியின் ‘ரெக்டஸ்’, ஜெர்மன் மொழியின் ‘ரெக்ட்’ ஆகியவை இதன் உறவுச் சொற்கள். நேரான கோட்டிலிருந்து நேரான நடத்தை, நேரான நடத்தையிலிருந்து நீதி, நீதியிலிருந்து ஒருவருக்கு நீதியாக உரியது என்று பொருள் விரிந்தது. நம் தமிழிலும் ‘செம்மை’ என்னும் சொல் இவ்வாறே செங்குத்து, செங்கோணம், செங்கோல் எனக் கிளைத்திருக்கிறது. செம்மை வளைந்தால் கொடுங்கோல்.

மாணவர்களே, ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது போலவே, ஒரு பொருளுக்குப் பல சொற்களும் உண்டு. ‘சரி’ என்னும் பொருளில் ‘ரைட்’ வந்தால் அதற்கு இணையாகக் ‘கரெக்ட்’, ‘பிராப்பர்’, ‘ஜஸ்ட்’ என்னும் சொற்களை அகராதி தரும். ஆயினும் விடை ‘கரெக்ட்’ ஆகலாம். நடத்தை ‘பிராப்பர்’ ஆகலாம். தீர்ப்புத்தான் ‘ஜஸ்ட்’ ஆக வேண்டும். இடம் மாறினால் பொருள் பிறழும்.

‘உரிமை’ என்னும் பொருளில் இந்தக் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். அங்கே ‘பிரிவிலேஜ்’, ‘கன்செஷன்’, ‘பெர்மிஷன்’, ‘பேவர்’ என்னும் சொற்கள் அண்டை வீட்டாரைப் போல நிற்கின்றன. முறையே தனிச்சலுகை, சலுகை, அனுமதி, தயவு என்று சொல்லலாம். அனுமதி தந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். சலுகையைக் குறைக்கலாம். தயவு, காட்டுபவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமையோ அப்படியன்று, ஒருவருக்கு உரிமை உண்டென்றால், மற்றொருவருக்குக் கடமை உண்டு என்பது அதன் உட்பொருள். அமெரிக்கச் சட்ட அறிஞர் ஹோஃபெல்டு 1913-இல் இவ்வேறுபாட்டைத் தெளிவுபட எடுத்துக்காட்டினார்.

இதனை ஒரு குளத்தின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்தும். மராட்டிய நாட்டின் மகாடு நகரில் சவுதார் என்றொரு குளம். பொது நீர்நிலைகளை அனைவரும் பயன்படுத்தலாம் என்று 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் நம் மக்கள் அந்நீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பல்லாயிரவரோடு சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. ‘குளம் எங்களுக்குரியது, பிறரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம், ஆகவே அது எங்கள் உரிமை’ என்றனர் எதிர்த்தரப்பினர். பொதுக் குளத்தில் நீர் எடுப்பது எங்கள் உரிமை என்றனர் நம்மவர். இரு தரப்பும் பேசியது ஒரே சொல்தான். அவ்வழக்கம் தொன்மையானது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலக்கும் உரிமை வீழ்ந்தது; பருகும் உரிமை நின்றது. அண்ணல் அங்கே நீருக்காக இரந்து நின்றாரில்லை என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

சட்டங்களின் பெயரிலும் இச்சொல்லின் நடமாட்டத்தைக் காணலாம். 1955-இல் இயற்றப்பட்டபோது ‘தீண்டாமை (குற்றங்கள்) சட்டம்’ எனப்பட்டது, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ‘குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்’ ஆயிற்று. முன்னைய பெயர் பிறர் செய்யும் குற்றத்தைச் சுட்டியது. பின்னைய பெயர் நமக்குரிய உரிமையைச் சுட்டியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015-இல் நிறைவேறிய திருத்தம், பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகளின் உரிமைகள் என்றே ஒரு தனி இயலைச் சேர்த்தது. முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றிப் பெறுவதும் அவற்றுள் அடங்கும். ஆகவே, அந்தப் படியைக் கேட்கச் செல்பவர் எவர் தயவையும் நாடிச் செல்பவர் அல்லர்.

எல்லாவற்றையும் உரிமை என்று முழங்கிவிடுவதும் மொழியறிவு ஆகாது. கட்டணச் சலுகை சலுகைதான். அதனை நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். விண்ணப்பப் படிவங்களில் ‘எலிஜிபிள்’ என்று ஒரு சொல்லும் ‘என்டைட்டில்டு’ என்று ஒரு சொல்லும் வரும். முன்னது தகுதியுடையவர் என்பது. விண்ணப்பிக்கலாம், கிடைத்தே தீரும் என்பதில்லை. பின்னது பெறுதற்கு உரியவர் என்பது. தராவிட்டால் காரணம் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால், பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். கடிதத்தில் பணிவு இருக்கட்டும். பணிவு நமக்கு அழகு. ஆனால், உரிமை என்று எழுத வேண்டிய இடத்தில் தயவு என்று எழுதாதீர்கள். எழுதிய சொல்லே கோப்பில் நிலைக்கும்.

நம் முன்னோர்க்கு எழுத்து மறுக்கப்பட்டபோது, இச்சொற்களின் வேற்றுமையும் சேர்த்தே மறுக்கப்பட்டது. கைந்நாட்டு வைத்தவர், தாளில் எழுதியிருந்தது சலுகையா உரிமையா என்று அறியார். இக்கழகம் 25 ஆண்டுகளாகப் பிள்ளைகள் கையில் புத்தகம் கொடுத்துவருவது அந்நிலையை மாற்றத்தான். ஆதலால், அகராதியைப் புரட்டும்போது முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள். எண்ணிட்ட அத்தனை பொருளையும் படியுங்கள். நமக்கு வேண்டிய பொருள் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கக்கூடும்.